மேல்மடையும் கீழ்மடையும் – காவேரிப்பட்டணம் நமக்குக் கூறும் பாடம்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியன.

ஆண்டறிக்கையின் வரவு செலவுக் கணக்கைப் பார்வையிட்ட கையோடு, நம் மாவட்டத்து ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றின் கணக்கையும் சற்றே நோக்குவோம். அவ்வூர், கிருஷ்ணகிரிக்குத் தெற்கே சுமார் 10 கி.மீ. தொலைவில், தருமபுரி செல்லும் சாலையில் அமைந்துள்ள காவேரிப்பட்டணம்.

பெயரைக் கேட்டவர் அது காவிரிக் கரையில் இருப்பதாகவே எண்ணுவர். சோழர் துறைமுகமாகிய காவிரிப்பூம்பட்டினத்தோடு சேர்த்துக் குழம்புவோரும் உண்டு. ஆனால் அவ்வூரைத் தழுவி ஓடுவது தென்பெண்ணை. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, அங்கே தட்சிண பினாகினி என்று பெயர் பெற்று, ஓசூர் அருகே நம் மாநிலத்தில் நுழைகிறது. கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை ஆகியவற்றைக் கடந்து காவேரிப்பட்டணத்தை அடைகிறது. பின்னர்ச் சாத்தனூர் வழியாகச் சென்று கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது.

இம்மண்ணின் அமைப்பை அறிய இரண்டு பழைய பெயர்கள் உதவும். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் முதலிய பகுதிக்கு ‘பாராமஹால்’ என்று பெயர். ‘பாரா’ என்றால் பன்னிரண்டு என்பதை உருது அறிந்த நம் வீட்டுப் பிள்ளைகளே சொல்லிவிடுவர். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி, நம் ஜவளகிரி ஆகியவை அடங்கிய மேட்டுநிலத்துக்கு ‘பாலாகாட்’ என்று பெயர். ‘பாலா’ என்னும் பாரசீகச் சொல்லுக்கு ‘மேல்’ என்பது பொருள். ஆக, நாம் கணவாய்க்கு மேலே வாழ்பவர்கள். காவேரிப்பட்டணத்தார் கீழே வாழ்பவர்கள். அவ்வூரின் வரலாறு முழுவதும் இந்த ஒரு செய்தியில் அடங்கியிருக்கிறது. மேலிருந்து எது இறங்கினாலும் முதலில் தாங்கிக்கொண்டது அவ்வூரே.

முதலில் இறங்கியவை படைகள். முதலாம் மைசூர்ப் போரில், 1767 ஆகஸ்டில் ஹைதர் அலியும் நிஜாமும் மேட்டுநிலத்திலிருந்து பெரும்படையோடு இறங்கினர். ஆங்கிலேயர் வசமிருந்த காவேரிப்பட்டணம் கோட்டை இரண்டே நாள் முற்றுகையில் பணிந்தது. அதன் பின்னரே செங்கம், திருவண்ணாமலைப் போர்கள் நிகழ்ந்தன. 1790 நவம்பரில் கர்னல் மேக்ஸ்வெல்லின் படை அவ்வூரில் தங்க, அதனை எதிர்கொள்ள திப்பு சுல்தான் விரைந்து வந்தார். ஆற்று நீரும் வயல் விளைச்சலும் கணவாய்ப் பாதையும் ஓரிடத்தில் அமைந்திருந்தால் படைகள் அங்கே தேடி வருவது இயல்பே.

1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமஹால் கம்பெனியார் கைக்குச் சென்றது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் ஊர் ஊராக நிலத்தை அளந்து, குடியானவரிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு இங்கே வித்திட்டனர். நம் பாலாகாட் பகுதியோ திப்பு சுல்தான் ஷஹீதான 1799ஆம் ஆண்டு வரை மைசூரோடு இருந்தது. இவ்விரு நிலங்களும் 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மாவட்டத்திலும், 2004 பிப்ரவரி 9 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் அடங்கின.

அடுத்து இறங்கியது நீர். காமராசர் முதலமைச்சராயிருந்த 1950களில் கட்டப்பட்ட கிருஷ்ணகிரி அணை, தன் இரு கால்வாய்களால் சுமார் 9,000 ஏக்கருக்குப் பாசனம் தருகிறது. நெல்லும் தென்னையும் மாவும் காவேரிப்பட்டணத்தைச் சூழ்ந்தன. மாங்கூழ்த் தொழிற்சாலைகள் பலருக்குப் பிழைப்பளித்தன. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசும் மக்கள் ஒரே சந்தையில் கொண்டும் கொடுத்தும் வாழ்கின்றனர். மாசி மாதத்தில் மயானக்கொள்ளைத் திருவிழாவுக்கு ஆற்றங்கரையில் பெருங்கூட்டம் கூடுகிறது. எல்லாருக்கும் பொதுவானது அந்த ஆறு. 2017 நவம்பரில் அணையின் மதகு ஒன்று உடைந்து தேக்கிய நீர் வெளியேறியபோது, கரையோர மக்கள் அனைவரும் ஒரே அச்சத்தைப் பகிர்ந்துகொண்டனர்.

இப்போது இறங்குவது என்ன? கெலவரப்பள்ளி அணையில் ஆற்று நீர் மலைபோல் நுரைத்துப் பொங்கும் காட்சியை நம்மில் பலர் நேரிலேயே கண்டிருப்போம். பெங்களூரு நகரின் கழிவுநீர் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் சேர்கிறது. தொழிற்சாலைக் கழிவுகளும் கலக்கின்றன. இதில் ஒரு வியப்பும் உண்டு. பெங்களூரு மக்கள் அருந்துவது, 1974 முதல் சுமார் 100 கி.மீ. தொலைவிலிருந்து மேலேற்றிக் கொண்டுவரப்படும் காவிரி நீர். அது பயன்பட்டுக் கழிவாகித் தென்பெண்ணையில் விழுகிறது. அதாவது, காவேரிப்பட்டணத்தை நோக்கி இன்று காவிரியும் வருகிறது, அழுக்காக! மறுபுறம், நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பற்களும் எலும்புகளும் பாதிக்கப்பட்டதால், 2013இல் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் மூலம் அதே காவிரி நம் இரு மாவட்டங்களுக்கும் குழாய் வழியே வருகிறது. ஒரே ஆறு ஒரு வழியில் கழிவாகவும், மறு வழியில் குடிநீராகவும் வந்து சேர்கிறது. முன்னோர் சூட்டிய பெயர் இப்படியா மெய்யாக வேண்டும்?

பெங்களூரைக் குறை கூறிவிட்டு எழுந்துவிடலாம். ஆனால் நாமும் மேல்மடைக்காரர்களே என்பதை மறந்துவிடலாகாது. தளி, தேன்கனிக்கோட்டை மேட்டுநிலத்து ஓடைகள் சனத்குமார நதியாகி, சின்னாறு என்னும் பெயரோடு பஞ்சப்பள்ளி, பாலக்கோடு வழியாகச் சென்று ஒகேனக்கல் அருகே காவிரியில் கலக்கின்றன. நாம் ஓடையில் எறியும் நெகிழிப் பையும் அறுத்த கோழியின் கழிவும் மழை பெய்ததும் பஞ்சப்பள்ளிக்காரருக்குத்தான் போய்ச் சேரும். பன்னார்கட்டாவிலிருந்து ஆண்டுதோறும் நம் ஜவளகிரிக் காட்டுக்கு வரும் யானைகளும் இந்நீரையே நம்பியிருக்கின்றன.

மதீனாவில் மஹ்ஸூர் என்னும் ஓடை நீரைப் பற்றிய வழக்கில், மேலே இருப்பவர் கணுக்கால் அளவு நீர் தேங்கும்வரை பாய்ச்சிக்கொண்டு, பின்னர்க் கீழே இருப்பவருக்கு விட்டுவிட வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். மேலே இருப்பவருக்கு உரிமை உண்டு. அதற்கோர் அளவும் உண்டு. அளவு மீறி அள்ளுவதே தவறெனில், அழுக்கைக் கலந்து விடுவது எத்தகைய அநீதி!

ஆகவே அன்பர்களே, மூன்று காரியங்களை நாம் மேற்கொள்வோம். உளூச் செய்யும்போது குழாயை அளவோடு திறப்போம். உளூ நீர் வீணே வழியாமல் மரங்களுக்குப் பாய வழி செய்வோம். குர்பானி நாட்களின் கழிவுகளை ஓடையில் கொட்டாமல் குழி தோண்டிப் புதைப்போம். பெரிய நகரம் திருந்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நமக்குக் கீழே இருப்பவர் நம் முகத்தைக் கண்டதில்லை. ஆயினும் அவரும் நமக்கு அண்டை வீட்டாரே. அவருடைய ஹக்கைப் பேணி நடக்க வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.