ஞாயிறு வீழ்த்திய ஆய்வுக்கூடம்

1979-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நான் பள்ளி மாணவன். வானிலிருந்து ஏதோ ஒன்று விழப்போகிறது என்ற அச்சம் அப்பொழுது ஊரெங்கும் பரவியிருந்தது. எங்கள் தெரு மூதாட்டியர் இரவில் முற்றத்தில் படுப்பதையே விட்டுவிட்டனர். ஓட்டுக் கூரை தங்களைக் காக்கும் என்று எண்ணினர் போலும்! விழவிருந்த பொருளின் பெயர் ஸ்கைலாப். அது ஏன் விழுந்தது என்பதை நான் அறிந்துகொண்டது பல ஆண்டுகள் கழித்துத்தான். அவ்வரலாற்றையே மாணவ நேயர்களுக்கு இன்று கூற விழைகிறேன்.

ஸ்கைலாப் அமெரிக்கர் நிறுவிய முதல் விண்வெளி நிலையம். ஏறத்தாழ 77 டன் எடையுள்ளது. கதிரவனை ஆராயும் தொலைநோக்கிகள் அதன் தலையாய கருவிகள். 1973 மே 14 அன்று அது செலுத்தப்பெற்றது. புறப்பட்ட 63-ஆம் விநாடியிலேயே இடையூறு நேர்ந்தது. விரைந்து மோதிய காற்று, நிலையத்தைப் போர்த்தியிருந்த கவசத்தைப் பிய்த்தெறிந்தது. பக்கங்களில் மடித்து வைத்திருந்த இரு மின்சாரச் சிறகுகளுள் ஒன்று அதனால் தளர்ந்து, சற்று நேரத்தில் பறிபோயிற்று. மற்றொன்று உலோகப் பட்டையொன்றில் சிக்கி விரியாது நின்றது. கவசமிழந்த கூடத்தினுள் வெப்பம் 50 பாகையைக் கடந்தது. பதினொரு நாட்களுக்குப் பின் புறப்பட்ட கான்ராட், கெர்வின், வைட்ஸ் ஆகிய மூவரும் சிறு துளை வழியே ஒரு குடையை வெளியே நீட்டி விரித்தனர். ஆம், வெயிலுக்குக் குடைதான்! பின்னர்ப் பட்டையையும் அறுத்துச் சிறகை விடுவித்தனர். நிலையம் பிழைத்தது. மூன்று குழுவினர் அங்குத் தங்கி, கதிரவனை இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தனர்.

1974 பிப்ரவரியில் கடைசிக் குழு திரும்பியபோது, நிலையம் 1980-க்குப் பின்னும் மேலே இருக்கும், அதற்குள் புதிய விண்கலம் ஒன்று சென்று அதனை உயர்த்திவிடும் என்று நம்பினர். அந்நம்பிக்கையைக் கெடுத்தது எது? அது சுற்றிய 435 கிலோமீட்டர் உயரத்திலும் காற்று முற்றிலும் இல்லாமற் போவதில்லை. மிக மெலிந்து இருக்கிறது. ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கதிரவனின் கொந்தளிப்பு உச்சம் அடைகிறது. அக்காலத்தில் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் மிகுந்து அம்மெல்லிய காற்றைச் சூடேற்றுகின்றன. பால் பொங்குவது போல அது மேலெழும்புகிறது. விண்கலத்தின் வழியில் காற்று அடர்கிறது. உராய்வு மிகுந்து கலம் சிறிது சிறிதாகத் தாழ்கிறது. 1970-களின் இறுதியில் வந்த கொந்தளிப்போ எதிர்பார்த்ததனினும் வலியதாயிற்று. கதிரவனைக் காணச் சென்ற கூடத்தைக் கதிரவனே வீழ்த்தினான்!

இது பழங்கதையன்று. 2022 பிப்ரவரியில் ஒரே ராக்கெட்டில் சென்ற 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களுள் ஏறக்குறைய 40, இத்தகைய காற்றுப் பெருக்கத்தாலேயே கீழிறங்கி எரிந்துபோயின.

புதிய விண்கலமோ உரிய காலத்தில் ஆயத்தமாகவில்லை. 1978 முதல் தரையிலிருந்த பொறியாளர் ஸ்கைலாபைத் திருப்பி, காற்று குறைவாக மோதும் நிலையில் நிறுத்திக் காலத்தை நீட்டிப் பார்த்தனர். இறுதி நாளில் வட அமெரிக்காவைத் தவிர்க்கும்பொருட்டு அதனைக் குட்டிக்கரணமிடச் செய்தனர். ஜூலை 11 அன்று அது இந்தியப் பெருங்கடல் மீது சிதைந்தது. கணித்ததற்கு மாறாகச் சில துண்டுகள் மேற்கு ஆஸ்திரேலியாவில் எஸ்பரன்ஸ் நகரின் அருகே வீழ்ந்தன. எவருக்கும் காயமில்லை. குப்பை கொட்டிய குற்றத்துக்காக அவ்வூர் மன்றம் நாசாவுக்கு 400 டாலர் தண்டம் விதித்ததாம்!

செய்தி எட்டிய அன்றிரவே எங்கள் தெரு மூதாட்டியர் முற்றத்தில் மீண்டும் பாய் விரித்தனர்.