பாவித்த கார்ப் பரிசோதனை

பாவித்த கார்ப் பரிசோதனை என்பது, விபத்து, நீர் புகுதல், மிகையான ஓட்டம் ஆகியவற்றால் ஏற்பட்டு, பின்னர் டிங்கர் வேலையாலும் புதுப் பெயின்டாலும் மறைக்கப்பட்ட பழுதுகளைக் காரை வாங்குமுன் கண்டறியும் முறையாகும்.

இலக்கங்கள்: இலங்கையில் இப்பரிசோதனை இலக்கத் தகட்டிலிருந்தே தொடங்குகிறது. முன்பு நாட்டின் ஆங்கிலப் பெயரிலிருந்து எடுக்கப்பட்ட இரட்டை எழுத்துகளைத் தாங்கிய தகடுகளில் 1950களின் பிற்பகுதியில் சிங்கள 'ஸ்ரீ' புகுத்தப்பட்டு, தமிழரின் ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டத்துக்குக் காரணமாயிற்று. பின்னர் எண் வரிசையும், 2000 முதல் மாகாணக் குறியுடன் கூடிய ஆங்கில எழுத்து வரிசையும் வந்தன. மத்திய மாகாணத்துக்குரிய குறி 'சீ.பீ.' ஆக இருந்தது. தகடு பதிவான காலத்தை உணர்த்துமேயன்றி உற்பத்தி ஆண்டை உணர்த்தாது. 'ரீகண்டிஷன்' எனப்படும், ஜப்பானில் ஓடி இறக்குமதியான கார்களில் இவ்விரண்டும் வேறுபடும்.

அடிச்சட்டத்தில் பொறிக்கப்பட்ட செசி இலக்கம் இலக்கத் தகட்டைவிட நம்பகமானது. பல நாடுகளில் அது 17 இடங்களைக் கொண்டதாயிருக்க, ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குரிய கார்களில் மாதிரிக் குறியும் தொடரெண்ணும் சிறுகோட்டால் பிரிக்கப்பட்ட குறுகிய இலக்கமே காணப்படும். அது பதிவுப் புத்தகத்துடன் பொருந்துவதோடு, சுற்றியுள்ள உலோகத்தில் அராவிய தடமும் இல்லாதிருத்தல் வேண்டும். ஜப்பானிய ஏலத்தில் காரின் நிலையைப் பதிந்து வழங்கும் ஏலத் தாளில் 'ஆர்' என்னும் தரம் விபத்தின்பின் திருத்தப்பட்டதைக் குறிக்கும்; அதிலுள்ள ஓட்டத் தூரத்தைவிடக் குறைவாகக் காட்டும் மீட்டர் பின்னோக்கித் திருப்பப்பட்டதாகும்.

பழுதுகள்: தொழிற்சாலைப் பெயின்டின் தடிப்பு பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரோன் வரை அமைய, நொறுங்கிய தகட்டைச் சமப்படுத்தும் பசையான 'பட்டி' பூசிய இடத்தில் அது பன்மடங்காகும்; அங்கு காந்தமும் சரிவர ஒட்டாது. வெள்ளத்தில் நின்ற காரை, முழுதாக இழுத்த ஆசனப் பட்டியின் சேற்றுக் கறையும் மேலதிக டயர்க் குழியின் துருவும் காட்டிக்கொடுக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளத்துக்கு உள்ளான கண்டி மாவட்டத்தில் இச்சோதனை இன்றியமையாதது. கொழும்பு–கண்டி வீதியிலிருந்து நுவரெலியா, பதுளை நோக்கிய வீதி பிரியும் பேராதனையைச் சூழ்ந்த மலைப்பாதைகளில் கிளச்சும் பிரேக்கும் விரைவில் தேய்வதால், கடுகண்ணாவை போன்ற ஏற்றங்களில் ஓட்டிப் பார்த்தலே தகுந்த பரீட்சையாகும். காரின் கணினியுடன் இணைக்கும் ஸ்கேனர் காட்டும் பிழைக் குறிகளை விற்குமுன் அழித்துவிட முடியும் என்பதால், அனுபவமுள்ள மெக்கானிக்கின் கண்ணும் காதுமே மேலானவை.

தற்போதைய நிலை: 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட, ரீகண்டிஷன் கார்களும் அடங்கிய தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது.