மைல்கல் இல்லாத சாலை

சோழவரம், கும்மிடிப்பூண்டி வழியே கொல்கத்தா போகிற நெடுஞ்சாலையில் மைல்கல், பெயர்ப்பலகை எல்லாவற்றையும் யாரோ பிடுங்கிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் பாடு என்னாகும்? பத்தாயிரம் வரி புரோகிராமுக்குள் நுழைகிறவர் கதியும் அதேதான்!

1973-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370 கம்ப்யூட்டர் வந்த காலத்தில், புரோகிராம் என்றால் ஓட்டை போட்ட அட்டைக் கட்டு. வரிக்கு ஒரு அட்டை. கைதவறி விழுந்தால் போச்சு! அதனால் உலகெங்கும் புரோகிராமர்கள் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். கட்டின் மேல்விளிம்பில் பேனாவால் குறுக்கே ஒரு சாய்கோடு. கலைந்தால் கோட்டைப் பார்த்து அடுக்கிக்கொள்ளலாம்.

அப்புறம் திரை வந்தது. கஷ்டம் தீர்ந்ததா? 1970-களின் பிற்பகுதியில் பெர்க்லி மாணவர் பில் ஜாய், 'வி.ஐ.' எடிட்டரை எழுதினார். டெலிபோன் கம்பி வழியாகவும் அது ஓட வேண்டும். மோடமோ வினாடிக்கு 30 எழுத்துதான் தரும். திரை நிறைய 1,920 எழுத்து. கணக்குப் போட்டுப் பாருங்கள்: தப்பான பக்கத்தைப் புரட்டினால் ஒரு நிமிடத்துக்கு மேல் தேவுடு காக்க வேண்டும்! ஆகவே புரட்டாமலே தாவ வழி வைத்தார். வரி எண்ணைச் சொன்னால் அங்கே. ஒரு வார்த்தையைச் சொன்னால் அது இருக்கிற இடத்துக்கு.

கூடவே கென் ஆர்னால்டின் 'சி-டேக்ஸ்'. புத்தகக் கடைசியில் வரும் சொல்லடைவு மாதிரி, எந்த ஃபங்ஷன் எந்த ஃபைலில் என்று பட்டியல் போட்டுக் கொடுத்துவிடும். 2001-ல் வந்த 'விம் 6', வேண்டாத பகுதியைப் புடவை போல மடித்தே வைத்துவிட்டது.

இன்றைக்கு மோடமும் இல்லை, காத்திருப்பும் இல்லை. ஆனாலும் விம் ஆசாமிகள் கர்சரை நகர்த்த ஹெச், ஜே, கே, எல் கீகளைத்தான் தட்டுகிறார்கள். ஜாயின் டெர்மினலில் அம்புக்குறிகள் அச்சாகியிருந்தது அந்த நாலு கீகளின் மேல்!