மணவிற் கூத்தன்: சுவரில் எழுதப்பட்ட ஒரு வாழ்க்கை

சீனத்தில் ஹான் பேரரசின் காலத்தில் சிமா சியன் தொகுத்த வரலாற்று நூல், மன்னர்களோடு நில்லாமல் படைத்தலைவர்க்கும் அதிகாரிகளுக்கும் தனி இயல்களை ஒதுக்கியது. ஒரு தளபதியின் பிறப்பு, போர், பதவி, வீழ்ச்சி ஆகிய அனைத்தையும் அங்கே ஒரே இடத்தில் படிக்கலாம். சோழர் வரலாற்றை ஆராய்வோர்க்கு அத்தகைய வசதி இல்லை. இங்கே ஓர் அதிகாரியின் வாழ்க்கையைக் கோயில் சுவர்களிலிருந்தே தொகுத்துக்கொள்ள வேண்டும். முதற் குலோத்துங்கன் (1070–1120), விக்கிரம சோழன் (1118–1135) ஆகிய இருவரிடமும் பணியாற்றிய மணவிற் கூத்தன் என்னும் நரலோக வீரன் இதற்குத் தக்க சான்றாவான்.

அவன் தொண்டை மண்டலத்து மணவிலைச் சேர்ந்தவன். அரும்பாக்கிழான் என்றும் அழைக்கப்பட்டான். காலிங்கராயன் என்பது அவனுடைய பட்டம். இப்பட்டத்தை மட்டும் கொண்டு அவனைக் கலிங்கப் போரின் தலைவனாகக் கருதிவிடலாகாது. ஏறத்தாழ 1110இல் நிகழ்ந்த அப்போரின் நாயகனாகச் செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி போற்றுவது கருணாகரத் தொண்டைமானை. கருணாகரனுக்கு ஒரு பரணி வாய்த்தது. கூத்தனுக்கு வாய்த்தவை கல்லில் பொறித்த வெண்பாக்கள்.

அவ்வெண்பாக்கள் தில்லையிலும் திருவதிகையிலும் உள்ளன. தில்லையில் மட்டும் 30க்கும் மேற்பட்டவை. பொன் வேய்ந்தது, நூற்றுக்கால் மண்டபம் எடுத்தது, தேவாரம் ஓத மண்டபம் அமைத்தது, மூவர் பாடல்களைச் செப்பேட்டில் எழுதுவித்தது, மாசிக் கடலாட்டுக்காகக் கடற்கரையில் மண்டபமும் அங்குச் செல்ல வழியும் அமைத்தது எனத் திருப்பணிகள் நிரல்பட வருகின்றன. போர்ச் செய்திகளோ பெரும்பாலும் அடைமொழிகளாகவே வருகின்றன. பாண்டியரையும் மலைநாட்டாரையும் வென்ற செய்தி, விளக்கையோ மதிலையோ அளித்தவனைச் சுட்டும் தொடருக்குள் அடங்கிவிடுகிறது. எனவே அவனுடைய போர்களின் கால வரிசையை இப்பாடல்களிலிருந்து பெறுவது அரிது. அவை நினைவில் நிறுத்த விரும்பியது கொடையை. போர் அக்கொடையாளனின் தகுதிக்குச் சான்றாக நிற்கிறது.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. விக்கிரம சோழனின் மெய்க்கீர்த்தி, தில்லையில் பொன் வேய்ந்த திருப்பணியை மன்னனே தன் 10ஆம் ஆட்சியாண்டில் (1128) செய்ததாகக் கூறுகிறது. வெண்பாக்களோ பொன் வேய்ந்தவன் கூத்தன் என்கின்றன. இரண்டில் ஒன்றைப் பொய்யென ஒதுக்க வேண்டியதில்லை. மெய்க்கீர்த்தி நாடெங்கும் உள்ள ஆவணங்களின் முகப்பில் நிற்பது. அங்கே எச்செயலுக்கும் எழுவாய் மன்னனே. வெண்பாக்கள் பணி நடந்த கோயிலிலேயே நிற்பவை; அங்கே பணியை முன்னின்று முடித்தவன் எழுவாயாகிறான். இவற்றுள் ஒன்றை மட்டும் படிப்பவர், சோழ அரசை மன்னன் ஒருவனின் அரசாகவோ அதிகாரிகளின் அரசாகவோ பிழைபடக் காண்பர்.

மன்னரின் தனிப்பெருங் கோயிலாகிய தில்லையில் ஓர் அதிகாரி தன் பெயரை இத்தனை முறை பொறிக்க முடிந்தது என்பதே இதில் எண்ணத்தக்கது. கூத்தனிடம் அது பணிவுக்கும் பெருமிதத்துக்கும் இடைப்பட்ட செயலாக இருந்தது. சோழனுக்கு எதிராக அவன் எழுந்ததாகச் செய்தி இல்லை. ஆனால் ஒரு நூற்றாண்டு கழிந்து, வேறொரு குடியைச் சேர்ந்த காடவன் கோப்பெருஞ்சிங்கன் அதே தில்லையில் திருப்பணி செய்தான். சோழன் மூன்றாம் இராசராசனைச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தவனும் அவனே. ஒருவர் செயலுக்கு மற்றவர் காரணமல்லர். எனினும், கோயிலில் தன் பெயரை நிறுத்தும் உரிமை அரண்மனைக்கு வெளியே பரவிய கதையை இவ்விருவரையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது காணலாம். ஓர் அரசின் உள்ளமைப்பு மாறுவதைப் போர்க்களத்துக்கு முன்பே கோயில் சுவர் காட்டிவிடுகிறது.