ஃப்ளாஷ் லைட்டுக்கு ஏன் "ஃப்ளாஷ்"னு பேர்?

இந்த எபிசோட் நேயர் ஒருத்தர் அனுப்பின கேள்வியிலிருந்து ஆரம்பிக்குது. "ஆயிரம் ரூபாய்க்குள்ள, பாக்கெட்ல போட்டுக்கிற மாதிரி, சார்ஜ் பண்ற டார்ச் ஒண்ணு பார்த்தேன். பெட்டியில 1000 லூமென்னு போட்டிருக்கு. நம்பலாமா? ஃபோன்லயே லைட் இருக்கும்போது இது தேவையா?" நல்ல கேள்வி. ஆனா பதில் சொல்ல 1899 வரைக்கும் போகணும். ஹிஸ்டரி பாட்காஸ்ட் நடத்துறவன்கிட்ட கேட்டா அப்படித்தான்.

1899 ஜனவரி 10. டேவிட் மிசெல் என்ற ஆங்கிலேயருக்கு அமெரிக்காவில் 617,592 எண்ணுள்ள காப்புரிமை கிடைக்குது. ஒரு காகிதக் குழாய், உள்ளே வரிசையா பேட்டரிகள், முனையில ஒரு சின்ன பல்பு, அதுக்குப் பின்னாடி பித்தளை ரிஃப்ளெக்டர். இன்னைக்கு நம்ம வீட்டு அலமாரியில கிடக்குற டார்ச்சோட உருவம் அப்போவே கிட்டத்தட்ட முடிவாயிடுச்சு. காப்புரிமையை வாங்கி வியாபாரமாக்கினவர் கான்ராட் ஹியூபர்ட். மின்ஸ்க் பக்கத்திலிருந்து அமெரிக்கா வந்து குடியேறிய யூதர், பிறந்தபோது வைத்த பேர் அகிபா ஹொரோவிட்ஸ். அவரோட கம்பெனி நியூயார்க் போலீஸ்காரங்களுக்கு இந்த லைட்டை இலவசமா கொடுத்து விளம்பரம் தேடியது. இன்னைக்கு யூடியூபர்களுக்கு ஃபோன் அனுப்புற மாதிரிதான். பிறகு அந்த கம்பெனிக்கு அமைஞ்ச பிராண்ட் பேரை நீங்க எல்லாரும் கேட்டிருப்பீங்க: எவரெடி.

சரி, ஏன் "ஃப்ளாஷ்"? ஏன்னா அந்த லைட்டால தொடர்ந்து எரிய முடியாது. கார்பன் இழை பல்பு கரண்ட்டை நிறைய குடிக்கும். அந்தக் காலத்து துத்தநாக பேட்டரியோட வேதிவினை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. சில நொடியில வோல்டேஜ் இறங்கி வெளிச்சம் மங்கிடும். கையை எடுத்து கொஞ்ச நேரம் விட்டா, உள்ளே வேதிவினை மூச்சு வாங்கிக்கிட்டு திரும்ப தயாராகும். அதனால ஸ்விட்ச்சை அழுத்து, பார், விடு. ஒரு பளிச், அவ்வளவுதான். தன்னோட குறையையே பேரா வெச்சுக்கிட்ட பொருள் வேற ஏதாவது இருக்கான்னு யோசிச்சுப் பார்த்தேன், ஞாபகம் வரலை.

பேட்டரி தேறியது, 1910-ஐ ஒட்டி டங்ஸ்டன் இழை வந்தது, வெளிச்சமும் நிலைச்சு எரிய ஆரம்பிச்சது. அமெரிக்கர்கள் பழைய பேரை விடலை. பிரிட்டிஷ்காரங்க "டார்ச்"னு சொன்னதால நமக்கும் டார்ச். ஈழத்துல "ரோச் லைற்". நம்ம ஊர்ல அளவுக்குப் பேர் கட்டை: ரெண்டு கட்டை டார்ச், மூணு கட்டை டார்ச். தீர்ந்த கட்டையை மொட்டை மாடியில வெயில்ல காய வைக்கிற பழக்கம் பல வீடுகள்ல இருந்தது. நம்மில் பல பேர் அதை மூடநம்பிக்கைன்னு சிரிச்சிருப்போம். ஆனா அதுக்குப் பின்னாடி இருக்கிறதும் நியூயார்க் போலீஸ்காரர் கையில நடந்த அதே வேதியியல்தான். ஓய்வும் சூடும் கிடைச்சா துத்தநாக பேட்டரி கொஞ்சம் உயிர் பிடிக்கும். கொஞ்சம்தான்.

இந்த இடத்துல ஒரு விஷயத்தைத் தாண்டிப் போக எனக்கு மனசு வரலை. இந்தியாவில் எவரெடி கம்பெனி 1934-ல் பதிவானது. கல்கத்தாவில் பேட்டரி, 1952-ல் சென்னையில் ஒரு பேட்டரி ஆலை, லக்னோவில் டார்ச். 1959-ல் அந்த கம்பெனியோட பேர் மாறுது: யூனியன் கார்பைடு இந்தியா லிமிடெட். ஆமா, அதே யூனியன் கார்பைடு. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு போபாலில் விஷவாயு கசிஞ்சு ஆயிரக்கணக்கான பேர் செத்தது அந்த கம்பெனியோட பூச்சிமருந்து ஆலையில. நம்ம தாத்தா பாட்டி தலைமாட்டுல வெச்சிருந்த டார்ச்சும் போபாலும் ஒரே பேலன்ஸ் ஷீட்டுல இருந்திருக்கு. 1994-ல் அமெரிக்கத் தாய்க் கம்பெனி தன் பங்கை வித்துட்டுப் போன பிறகு, இங்கே கம்பெனியோட பேர் எவரெடி இண்டஸ்ட்ரீஸ் ஆனது. நான் பிறந்தபோது பெட்டியில பழைய பேரே இல்லை. போபால் பத்தி ஸ்கூல்ல படிச்சப்போ, வீட்ல இருக்குற பேட்டரியோட இதை யாரும் சேர்த்துச் சொல்லலை.

அடுத்தது ரீசார்ஜபிள். 2012 வாக்குல தமிழ்நாட்டுல, முக்கியமா சென்னைக்கு வெளியே, ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலயும் கரண்ட் போனது ஞாபகம் இருக்கும். அப்போ வீட்டுக்கு வீடு வந்தது, பின்னாடி ரெண்டு பின் நீட்டிக்கிட்டு நேரா பிளக்குல செருகுற பிளாஸ்டிக் டார்ச். அதுக்குள்ள பெரும்பாலும் சின்ன லெட்-ஆசிட் பேட்டரி. பவர் கட் முடிஞ்சு நாலு மாசம் அலமாரியில வெச்சீங்கன்னா, தானாவே வடிஞ்சு, தகட்டுல சல்ஃபேட் படிஞ்சு செத்துடும். மறுபடி கரண்ட் போற ராத்திரி எடுத்துப் பார்த்தா ஒண்ணும் வராது. அவசரத்துக்குன்னு வாங்கின பொருள் அவசரத்துல கைவிடுறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

இதை மாத்தினது ரெண்டு கண்டுபிடிப்பு. 1991-ல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயன் செல், மாசக்கணக்குல சும்மா கிடந்தாலும் சார்ஜைப் பெரும்பாலும் பிடிச்சு வெச்சிருக்கும். 1993-ல் ஜப்பானின் நிச்சியா கம்பெனியில ஷுஜி நாகமுரா செய்த பிரகாசமான நீல எல்இடி, அதன் மேல மஞ்சள் பாஸ்பர் பூசி 1996-ல் வந்த வெள்ளை எல்இடி. ரெண்டுக்கும் பின்னாடி நோபல் பரிசு வந்தது, எல்இடிக்கு 2014, லித்தியத்துக்கு 2019. நீங்க பார்த்த டார்ச்சுல இந்த ரெண்டு நோபலும் இருக்கு, ஆயிரம் ரூபாய்க்கு.

இப்போ அந்த 1000 லூமென். கணக்கு போடுவோம், பயப்படாதீங்க. இந்த விலையில எல்இடி, டிரைவர், லென்ஸ் இழப்பெல்லாம் போக ஒரு வாட்டுக்கு 100 லூமென் வெளியே வந்தா நல்லதுன்னே சொல்வேன். அப்போ 1000 லூமெனுக்குப் பத்து வாட். அதில் பெரும்பகுதி சூடாத்தான் போகும். கட்டைவிரல் அளவு அலுமினியத்துல அவ்வளவு சூட்டை ஏத்தினா ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல கையில பிடிக்க முடியாது. அதனால ஒழுங்கா செஞ்ச டார்ச் தானே வெளிச்சத்தைக் குறைச்சுக்கும். 1899-ல் பேட்டரியால தொடர்ந்து எரிய முடியலை. இப்போ சூட்டால முடியலை. "டர்போ" மோடுன்னு பெட்டியில போடுறாங்களே, அது மிசெலோட பளிச்சேதான். என்ன, இந்த முறை குறையை பேர்ல சொல்லாம பெருமையா போட்டிருக்காங்க.

பொய்யா? முழுசா சொல்ல முடியாது. 2009-ல் வந்த எஃப்எல்1 என்ற அமெரிக்கத் தரவிதிப்படி லூமெனை, லைட் போட்டு 30 நொடியிலிருந்து 2 நிமிஷத்துக்குள்ள அளக்கலாம். எரியும் நேரத்தை, வெளிச்சம் ஆரம்ப அளவுல பத்து சதவீதத்துக்கு இறங்குற வரைக்கும் எண்ணலாம். அதனால "1000 லூமென், 3 மணி நேரம்"னு போட்டிருந்தா, முதல் ரெண்டு நிமிஷம் 1000, மிச்ச நேரம் முழுக்க 120-ஆகவும் இருக்கலாம். விதிப்படி சரி. அந்தத் தரவிதியையே குறிப்பிடாத பெட்டின்னா எந்த நம்பரும் அச்சடிச்சவங்க இஷ்டம்.

அதனால நான் லூமெனை விட்டுட்டு செல்லைத்தான் முதல்ல பார்ப்பேன். 18650-ன்னா 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம். நல்ல கம்பெனி செல்லே 3500 எம்ஏஎச் பக்கம்தான் வரும். 9900-ன்னு போட்டிருந்தா அந்தக் கடையை விட்டே வெளியே வந்துடுங்க. செல்லுல ஐஎஸ் 16046 முத்திரை இருக்கான்னு பாருங்க, இந்தியாவில் அது கட்டாயம். அடுத்து, யுஎஸ்பி-சி துளை இருக்குன்னு நம்பி வாங்கிடாதீங்க. சில ரூபாயை மிச்சம் பிடிக்க உள்ளே ரெண்டு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரை விட்டுடுவாங்க. அது இல்லைன்னா உங்க லேப்டாப் சார்ஜரோட சி-டு-சி கேபிள்ல சார்ஜே ஏறாது, பழைய தட்டை முனை கேபிள்தான் வேணும். கடையிலயே உங்க கேபிளைச் செருகிப் பாருங்க.

ஃபோன் கேள்விக்கு வர்றேன். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலுக்குப் பிறகு பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கமெல்லாம் நாள்கணக்கா கரண்ட் இல்லை. படகு வருமா, பால் எங்க கிடைக்கும், எல்லாத்துக்கும் ஃபோன்தான். அந்த ஃபோன்ல 40 சதவீதம் மிச்சம் இருக்கும்போது அதையே விளக்கா பிடிச்சு படி இறங்குவீங்களா?

3000 எம்ஏஎச் 18650 ஒண்ணுல சுமாரா 10.8 வாட்-அவர் இருக்கு. 150 லூமென் மோடுல வெச்சா ஒன்றரை வாட். ராத்திரி பதினொண்ணுக்கு கரண்ட் போனா காலையில ஆறு மணி வரைக்கும் எரியும். நீங்க பார்த்த டார்ச்சுல 18650 இருந்து, நடுத்தர மோடு 100-லிருந்து 200-க்குள்ள இருந்தா வாங்குங்க.