எறிந்த கையும் எழுதாத ஏடும்

வீசுதல் வேறு, எறிதல் வேறு. பேச்சில் இவ்விரண்டையும் நாம் மாற்றி மாற்றி வழங்கினும், கிரிக்கெட் ஆட்டத்தின் சட்டம் இவற்றைக் கண்டிப்பாகப் பிரித்து வைத்திருக்கிறது. பந்து வீச்சாளர் முழங்கையை மடக்கி நீட்டி எறிந்தால் அது குற்றம். நடுவர் ‘நோபால்’ என்று அறிவித்து விடுவார். எறியும் உரிமை, திடலில் பரவி நின்று பந்தைத் தடுப்போருக்கே உண்டு.

ஆனால், அந்த உரிமையைத் திறம்படப் பயன்படுத்தியவருக்கு ஏட்டில் இடம் உண்டா? இக்கேள்விக்கு விடை காண, கோலாலம்பூரில் பிறந்த ஒருவரின் வரலாறே போதும்.

1932ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் லண்டன் லார்ட்ஸ் திடலில் இந்தியா தன் முதல் டெஸ்ட் பந்தயத்தைத் தொடங்கியது. இந்திய அணியின் தலைவர் சி. கே. நாயுடு, இங்கிலாந்து அணியின் தலைவர் டக்ளஸ் ஜார்டின். தொடக்கத்திலேயே முகமது நிசார் தம் வேகத்தால் சட்கிளிஃப், ஹோம்ஸ் ஆகிய இருவரையும் வீழ்த்தினார். பின்னர் ஃபிராங்க் உல்லி 9 ரன்களில் ‘ரன் அவுட்’ ஆனார். இங்கிலாந்து 19 ரன்களுக்கு 3 விக்கெட்டுகளை இழந்து நின்றது. புதிதாக வந்த அணியிடம் இதனை யார் எதிர்பார்த்தார்கள்?

உல்லியை வெளியேற்றிய எறிதல் லால் சிங் என்னும் 22 வயது இளைஞருடையது. 1909 டிசம்பரில் கோலாலம்பூரில் சீக்கியக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். மலாயாவிலிருந்து இந்தியா சென்று, தேர்வாட்டங்களில் ஆடி, அணியில் இடம்பெற்றார். தலைப்பாகையுடன் திடலில் பாய்ந்து பந்தைத் தடுத்த அவரது திறமை அந்தச் சுற்றுப்பயணத்தில் பெரிதும் பேசப்பட்டது. உல்லிக்கோ அப்போது வயது 45. அனுபவம் மிகுந்த கால்களுக்கும் இளமை மிகுந்த கைக்கும் இடையே நடந்த போட்டியில் கை வென்றது.

லால் சிங் அப்பந்தயத்தில் 15, 29 ரன்கள் எடுத்தார். இரண்டாம் இன்னிங்ஸில் அமர் சிங்குடன் சேர்ந்து எட்டாவது விக்கெட்டுக்கு 74 ரன்கள் குவித்தார். இந்தியா 158 ரன்களில் தோற்றது. இவையெல்லாம் ஏட்டில் உள்ளன. ஆனால் அக்கால வழக்கப்படி, உல்லியின் பெயருக்கு எதிரே ‘ரன் அவுட்’ என்ற இரு சொற்களே பொறிக்கப்படும். பந்தைப் பிடித்தவர் பெயரும் வீசியவர் பெயரும் ஏறும் பட்டியலில், எறிந்தவருக்கு மட்டும் இடமில்லை. அவர் ஆடிய டெஸ்ட் பந்தயமும் அது ஒன்றே.

அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டம் இவ்வகையில் சற்று நியாயமானது எனலாம். அங்கே ஓடுபவரை வெளியேற்றத் துணைசெய்த எறிதல், ‘அசிஸ்ட்’ என்று எறிந்தவர் பெயரிலேயே எழுதப்படுகிறது. ஆகவேதான் ட்ரிஸ் ஸ்பீக்கர் என்ற வெளித்திடல் ஆட்டக்காரர் தம் ஆயுளில் 449 அசிஸ்ட் பெற்றார் என்று இன்றும் நம்மால் சொல்ல முடிகிறது. 1955 முதல் 1972 வரை ஆடிய போர்ட்டோ ரிக்கோ வீரர் ராபர்ட்டோ கிளமென்டேயின் எண்ணிக்கை 266. இளமையில் ஈட்டி எறிந்து பழகியவர் அவர். நம் நாடு விடுதலை பெற்ற அதே 1957 ஆகஸ்டில், கிளென் கோர்பஸ் என்ற கனடா நாட்டவர் பந்தை 445 அடி 10 அங்குலத் தூரம் எறிந்து சாதனை படைத்தார். இக்காலத்தில் எறிதலின் வேகத்தையும் கருவிகள் அளக்கின்றன. 2016இல் ஏரன் ஹிக்ஸ் எறிந்த பந்து மணிக்கு 105.5 மைல் வேகத்தில் பறந்ததாகப் பதிவாயிற்று.

எனினும் எண்ணிக்கையும் முழு உண்மையைச் சொல்வதில்லை. ஒருவரின் கைவலிமை ஊரறிந்ததானால், அவரை நோக்கிப் பந்து போகும்போது எதிரி ஓடவே அஞ்சுவான். ஓடாதவனை வெளியேற்ற முடியாது. வெளியேற்றாதவருக்கு அசிஸ்டும் இல்லை! புகழ் வளர வளர ஏட்டில் எண்ணிக்கை குறையவும் கூடும். அவ்வாறு அச்சத்தால் தடுக்கப்பட்ட ஓட்டங்களை எந்தக் கணக்கர் எழுதுவார்? அவை கண்டவர் நினைவில் மட்டுமே வாழ்கின்றன.

லால் சிங் பிற்காலத்தில் தாயகம் திரும்பினார். சிலாங்கூர் கிளப்பின் திடல் பராமரிப்பாளராகப் பணியாற்றினார். 1985இல் கோலாலம்பூரிலேயே காலமானார். கிளப்பின் எதிரே கிடக்கும் ‘பாடாங்’ திடலில்தான் 1957 ஆகஸ்ட் 30 நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறக்கப்பட்டது. இன்று அவ்விடம் மெர்டேக்கா சதுக்கம். அங்கே கொடிமரத்தைக் காணச் செல்வோருள் எத்தனை பேர் லால் சிங்கை எண்ணுகின்றனர்?

இன்று ‘ரன் அவுட்’ என்பதற்கு அருகே எறிந்தவர் பெயரையும் சேர்த்து எழுதும் வழக்கம் வந்துள்ளது, நன்று. ஆனால் பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் கிள்ளானிலும் ஆடி மறைந்தவர்களுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. நம் வட்டாரத்து விளையாட்டு வரலாற்றை எழுத முற்படுவோர், ரன் குவித்தவர் யார் என்று ஏட்டைப் புரட்டிப் பார்த்ததோடு நில்லாமல், “யாரிடம் பந்து போனால் ஓட அஞ்சினீர்கள்?” என்று முதியோரையும் கேட்கட்டும். ஏடு மறந்த கைகளை அவர்கள் நினைவே காட்டும்.