கறுத்த வெள்ளியும் ராணித்தலை ரூபாயும்

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கம் பழைய விவசாய வீடுகளில் வெள்ளி இல்லாத பெட்டி குறைவு. கொலுசு, அரைஞாண் கொடி, சந்தனக் கிண்ணம், துணியில் முடிந்துவைத்த ராணித்தலை ரூபாய். இன்னைக்கு அதைத் திறந்து பார்த்துட்டு, "கறுத்துப்போச்சு, இனி எதுக்கு?"ன்னு வந்த விலைக்குப் போட்டுடறாங்க. அதுக்கு முன்னாடி, அந்த வெள்ளி வந்த கதையைக் கொஞ்சம் கேளுங்க.

1818 வரை சென்னை ராஜதானியில் வராகன் என்ற தங்கக் காசுதான் கணக்கு. அந்த வருஷம் கம்பெனி, வெள்ளி ரூபாயை அந்த இடத்தில் வைத்தது. ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய். 1835-ல் கம்பெனி ஆட்சி முழுக்க ஒரே ரூபாய் வந்தது. எடை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, மீதி செம்பு.

அப்போ எங்க பக்கமெல்லாம் செங்கல்பட்டு ஜில்லா. நெல் விற்று, கிஸ்தி கட்டி, மிஞ்சிய ரூபாய்தான் குடியானவனுக்குச் சேமிப்பு. அதையே உருக்கி பத்தர் கொலுசு செய்து தருவார். அதுவே எடைக்கல்லும்கூட: மூணு ரூபா எடை ஒரு பலம்.

போர்க்காலத்தில், 1940-ல், ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947-ல் நிக்கல் ரூபாய் வந்து அந்தப் பாதியும் போச்சு. பெரியவங்க பழைய காசைச் செலவழிக்காம முடிஞ்சு வெச்சது இதனாலதான்.

சரி, ஏன் கறுக்குது? காற்றில் இருக்கும் கந்தக வாயு வெள்ளியோடு சேருவதால். அழுகின முட்டை நாற்றம் அடிக்குமே, அதே ஹைட்ரஜன் சல்ஃபைடு. சாக்கடை கலந்த கூவத்தில் கிளம்புவதும் அதுதான். வெங்காயம், முட்டை, ரப்பர் பேண்டு எல்லாத்திலும் கந்தகம் உண்டு. ஈரம் சேர்ந்தால் இன்னும் வேகம்.

முக்கியமான விஷயம் இது: அந்தக் கறுப்புப் படலத்தின் எடையில் நூற்றுக்கு 87 பங்கு வெள்ளிதான். சொரசொரப்பான பவுடர் போட்டுத் தேய்க்கத் தேய்க்க அதுவும் சேர்ந்து போகும், பூவேலை மழுங்கும்.

தேய்க்காம எடுக்க வழி இருக்கு. பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, வெள்ளியை அதன்மேல் படும்படி வைத்து, சமையல் சோடா கரைத்த சுடுதண்ணீரை ஊற்றுங்க. கந்தகம் அலுமினியத்துக்குப் போகும், வெள்ளி அங்கேயே தங்கும். கல் பதித்தது, அரக்கு அடைத்தது, வேண்டுமென்றே கறுப்பேற்றிய வேலைப்பாடு, இவற்றுக்கு இது வேண்டாம். புழங்கின பாத்திரத்தை அன்னைக்கே கழுவித் துடைச்சிடுங்க. நல்லா காய்ந்த பிறகு பருத்தித் துணியில் சுற்றி, பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் மூடி வையுங்க. சாம்பல் நோய்க்கு வாங்கின கந்தகத் தூளை அந்த அறைப் பக்கமே கொண்டுபோகாதீங்க.

பழைய காசை மட்டும் பளபளப்பாக்க வேண்டாம். காசு சேகரிப்பவர்கள் தேய்த்த காசுக்கு விலை குறைப்பாங்க. கறுப்போடவே இருக்கட்டும். உள்ளே வெள்ளி அப்படியேதான் இருக்கு.